எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு

என் வயிற்றில் பிறந்தவனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே நீ ஒரு கதை சொன்னாய். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். திருமழிசையில் நீ வேலை பார்க்கிற உதிரிபாகக் கிடங்கில், எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிற டேட்டாபேஸுக்கு நீதான் பொறுப்பு. அதில் கீர்த்தனா என்கிற பெண், சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவள், ஒரு சாமானுக்கு அலமாரி எண்ணை மாற்றப் போய்க் கிடங்கில் இருக்கிற அத்தனை சாமானுக்கும் அதே எண்ணைப் போட்டுவிட்டாள். யாரும் சரிபார்க்காமல் அந்த எண்ணையே நம்பிச் சாமானை எடுத்தார்கள். தப்புத் தப்பாகச் சரக்கு ஏறி, வாங்குகிற தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் முழுக்க வேலை நின்றுபோனது. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ சொன்னதை அப்படியே எனக்கு நடித்துக் காட்டினாய். "அந்தப் பொண்ணு ரொம்ப கேர்லெஸ் சார், எத்தினி தபா சொல்லிக்கீறேன் தெரியுமா?" பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "ஒரு தபாகூட சொல்லலைம்மா. அது தலைல போட்டுட்டேன், என் தலை தப்பிச்சிச்சு. கல்யாண நேரத்துல என் பேரு கெடக் கூடாதில்ல?" வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளை உள்ளே கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்றும் சொன்னாய். நான் ஒரு நல்லி எலும்பை எடுத்து உன் தட்டில் வைத்தேன். நீ அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். என் வாய் வரைக்கும் வந்ததை அடக்க எனக்கு அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சொன்னால் நீ "வுடும்மா, ஆபீஸ்ல இதெல்லாம் சகஜம்" என்பாய். உன் முகத்தைப் பார்த்தால் நானும் விட்டுவிடுவேன். இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறாவது படிக்கும்போது பக்கத்து பெஞ்சுப் பையனின் இங்க் பேனாவை உடைத்துவிட்டு, அவனே உடைத்துக்கொண்டு உன்மேல் பழி போடுகிறான் என்று அழுதாய். மண்ணூர்பேட்டையிலிருந்து உன் ஸ்கூலுக்கு வெயிலில் நடந்து வந்து, என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று டீச்சரோடு மல்லுக்கு நின்றேன். அந்தப் பையனைக் கையை நீட்டச் சொல்லி அடித்தார்கள். சாயங்காலம் உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பை உள்பக்கம் முழுக்க மை. வெளுக்கும் வரை தேய்த்தேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ இன்று செய்ததற்கு நான் அன்றே சோப்பு போட்டுவிட்டேன்.

கீர்த்தனா மாற்றியது அவள் பிழைதான். மறுக்கவில்லை. ஆனால் அவளால் எப்படி மாற்ற முடிந்தது என்று உன்னை யாரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். போன மாதம் உன் ஆபீஸுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தேன் இல்லையா, அப்போது பார்த்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டர் ஓரத்திலும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கம்பெனிப் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். சரக்கு ஏற்றுகிறவன், பில் போடுகிறவள், வாட்ச்மேன் அறையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் அதே சாவி. பார்க்க மட்டும் வேண்டியவனுக்குப் பார்க்க மட்டும் வழி விட வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? கல்லூரியில் அதற்குத்தானே சர்டிபிகேட் வாங்கினாய், சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். என்னடா இது என்று அன்றைக்கே கேட்டேன். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பர்மிஷன் குடுத்துகினு இருக்க முடியுமாம்மா? அப்புறம் எனுக்கு வேற வேலையே இருக்காது" என்றாய். உன் சோம்பேறித்தனத்துக்குப் பெயர் கீர்த்தனா என்று வைத்துவிட்டாய், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், பழைய நகலையாவது எடுத்துச் சரிசெய்தாயா என்று கேட்டதற்கு, கடைசியாக நகல் எடுத்து இரண்டு மாதம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாய்.

இனி சொல்லப் போவது என்னைப் பற்றி. உன் அப்பாவுக்கே நேற்றுதான் தெரியும். இதை முதலில் ஒரு தாளில் எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்கிற ஒரு பிரஸ் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் வந்தார்கள், யார் லீவு என்று பார்க்கிற அறை. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஆட்கள் விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தது. டோக்கன் நம்பர், பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் என்று வரிசையாகக் கட்டங்கள். அதை டைம் ஆபீஸ், கேட், ஸ்டோர்ஸ், கேன்டீன் என்று எல்லாரும் அவரவர் இடத்திலிருந்தே திறப்பார்கள், எழுதுவார்கள், அழிப்பார்கள். எங்களுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அதை நான்தான் அட்டையில் பெரிதாக எழுதி, செல்லோடேப் போட்டு மானிட்டரில் ஒட்டியிருந்தேன். அதனால்தான் உன் மஞ்சள் சீட்டு உடனே என் கண்ணில் பட்டது.

ஒருநாள் கேன்டீன்காரர் வந்து, சாப்பாட்டு டோக்கன் அடிக்க ஆட்கள் பெயர் அகரவரிசையில் வேண்டும் என்றார். அவருக்குத் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு ரெண்டு நிமிஷம் ஆகும். எனக்கு அன்று உன்னை ஸ்கூலிலிருந்து அழைத்து வர வேண்டிய அவசரம். பெயர் இருந்த கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்து என்று அழுத்தினேன். கம்ப்யூட்டர் நடுவில் ஒரு பெட்டியைக் காட்டிக் கேள்வி கேட்டது. பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து நகர்த்தவா, இதை மட்டும் நகர்த்தவா என்று கேட்டிருக்கிறது. நான் படிக்கவில்லை. அந்த மாதிரிப் பெட்டி வந்தால் அது போகும்வரை எதையாவது அழுத்துவதுதான் எங்கள் எல்லாருடைய வழக்கம். அழுத்தினேன், சேமித்தேன், கிளம்பிவிட்டேன். பெயர்கள் எல்லாம் இடம் மாறி அழகாக அகரவரிசைக்கு வந்தன. பக்கத்தில் இருந்த போன் நம்பர்கள் அசையாமல் அங்கேயே நின்றன. ஒவ்வொருவன் பெயருக்கும் எதிரில் இன்னொருவன் வீடு. வருகைப் பதிவு வேறு மெஷினில் ஓடியதால் மூன்று வாரம் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பிரஸ்ஸில் மாட்டுகிற இரும்பு அச்சு சங்கிலி அறுந்து ஏகாம்பரம் என்பவர்மேல் விழுந்தது. திருமழிசைக்காரர். அதிர்ந்து பேசாத மனுஷன். இடுப்புக்குக் கீழே நசுங்கிப்போனது. வேனில் ஏற்றினார்கள். நான் ஃபைலைத் திறந்து, அவர் பெயருக்கு நேரே இருந்த நம்பருக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "கம்பெனிலேர்ந்து பேசறேம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு அடிபட்டிருச்சு, உடனே வாங்க" என்று ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி வைத்துவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அவசரத்தில் யார் பெயரைச் சொல்வார்கள்? பட்டியல்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஏகாம்பரத்திடமும் யாரும் நம்பரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அப்போது நல்ல நினைவோடுதான் இருந்தார்.

பெண்ணாக ஒருத்தி கூட இருக்கட்டும் என்று என்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், எங்க ஊட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். வந்துகினே கீறாங்க."

"அவளுக்கு ரத்தம்னா பயம் மேடம். துணிய கொஞ்சம் மூடி வுடுங்க."

மூடிவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. நான் எழுந்து வழிவிட்டேன். அவள் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்து கத்தினாள். "இவரு இல்ல! முருகா, இவரு இல்ல! எங்க ஊட்டுக்காரரு இல்ல!" அழுதுகொண்டே சிரித்தாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு என் காலைத் தொட்டாள், நர்ஸ் காலைத் தொட்டாள், வார்டு பாயைக்கூடக் கும்பிட்டாள். அவள் வீடு மண்ணூர்பேட்டை. அவள் புருஷன் எங்கள் கம்பெனியிலேயே அடுத்த ஷெட்டில் நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் சிரிப்பார்கள். ஆனால் ஏகாம்பரம் தலையைத் திருப்பி அதை முழுக்கப் பார்த்தார். சாகக் கிடக்கிற மனுஷன், தான் வேறு ஒருத்தனாக இருப்பதற்கு ஒரு பெண் சாமி கும்பிடுவதைப் பார்த்தார். "யாரு மேடம் இவங்க? அவ எங்க?" என்றார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கையையும் விட்டுவிட்டார். நான் வீட்டு நம்பரைக் கேட்பதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அகரவரிசை, கேன்டீன்காரர், படிக்காத பெட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. திருமழிசைக்கு வேன் போய், தெருத்தெருவாகக் கேட்டு, அவர் மனைவி தேவகியைக் கூட்டி வந்தபோது அவர் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. கையில் ஒரு சின்ன செல்போன். வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். அதை எல்லாரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினாள். "என் நம்பர்தான குடுத்து வெச்சிருந்தாரு? காலைலேர்ந்து கையிலதான வெச்சிகினு இருந்தேன்? அடிக்கவே இல்லியே?" என்னிடமும் காட்டினாள். நான் அதை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. யார் எப்போது மாற்றினார்கள் என்று ஃபைலில் எந்தக் குறிப்பும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்றால் எல்லாரும் செய்ததும் ஒருத்தன் செய்த மாதிரிதான் தெரியும். அதாவது யாரும் செய்யவில்லை, யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். என் பக்கத்து சீட்டில் பரிமளா என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது, ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு, அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. கான்ட்ராக்டில் டைப் அடிக்க வந்தவள். மேனேஜர் கேட்டார்: "யாரு இந்த ஃபைல்ல கை வெச்சது?" நான் சொன்னேன்: "பரிமளாதான் சார் டைப் பண்ணுவா."

கவனித்தாயா? ஒரு பொய்கூட இல்லை. அவள்தான் டைப் செய்வாள், உண்மைதானே. நான் அந்த வாக்கியத்தை முதல்நாள் ராத்திரி முழுக்கத் தயார் செய்திருந்தேன். நீ "கேர்லெஸ் சார்" என்று பச்சையாகப் பொய் சொன்னாய். உன் அம்மா உன்னைவிடக் கெட்டிக்காரி. பரிமளா என்னைத் திரும்பிப் பார்த்து "மேடம்…" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் மீதியையும் சொல்வேன் என்று காத்திருந்தாள். தினமும் என் டப்பாவிலிருந்து சாப்பிட்டவள். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் அதற்குள் வெளியே போய்விட்டது. தேவகியும் அவள் சொந்தக்காரர்களும் கேட்டில் நின்றிருந்தார்கள். பரிமளா பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். தேவகி குனிந்து மண்ணை அள்ளினாள். மூன்று முறை வாரித் தூற்றினாள். "என் புருசன் என் மூஞ்சிய பாக்காம செத்தாண்டி! உன் வயித்துல ஒண்ணும் தங்காது! நீ வெளங்க மாட்ட!" பரிமளா தலையில், முடியில், வாயில் எல்லாம் மண். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து கேட் நேராகத் தெரியும். நான் அங்கே நின்று பார்த்தேன். டீ வந்தது. குடித்தேன். ஆறுவதற்குள் குடித்துவிட்டேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

கலைந்த பட்டியலைச் சரிசெய்ய எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பழைய நகல் கிடந்தது. இருபது நிமிஷம்.

அதற்குப் பிறகு உன் அம்மாவைப்போல் ஜாக்கிரதைக்காரி எஸ்டேட்டிலேயே கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு வாங்க வைத்தேன். கேட்டுக்கும் கேன்டீனுக்கும் பார்க்க மட்டும்தான் முடியும். மாற்றுகிற உரிமை என்னையும் இன்னொருவரையும் தவிர யாருக்கும் இல்லை. யார், எந்த நாள், எதை, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்பது தானாகப் பதிவாகும்படி ஓர் ஆளை வைத்துச் செய்யச் சொன்னேன். மொத்தமாக ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் நகலில் செய்து பார்த்து, இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அசலில் கை வைக்கலாம். தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு நகல் பென் டிரைவில் எடுத்து, என் தாலிச் சரட்டோடு கோத்த ஊக்கில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வாரம் ஒருமுறை அதைத் திறந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் பார்ப்பேன். திறந்து பார்க்காத நகல் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். முதலாளி மேடையில் கூப்பிட்டு மெச்சினார். நம் ஹாலில் சர்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறதே அந்தச் சுவர்க்கடிகாரம், அது அதற்காகக் கொடுத்தது. பரிமளாவின் வேலையை எடுத்து எனக்குக் கொடுத்த கடிகாரம். அதைப் பார்த்துத்தான் நீ இருபது வருஷமாக ஸ்கூலுக்கும் ஆபீஸுக்கும் கிளம்புகிறாய்.

பத்தாவது லீவில் நீ அந்த பென் டிரைவை எடுத்து, அதில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு ஏதோ கேம் ஏற்றிக்கொண்டாய். மர ஸ்கேல் உடையும்வரை உன்னை அடித்தேன். சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் நீ அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாய், "ஒரு பென் டிரைவுக்கு எங்கம்மா என்னைக் கொல்லப் பார்த்தாங்கோ" என்று. அது உனக்கு விழ வேண்டிய அடி இல்லை. அன்று என் கைக்கு அகப்பட்டது நீதான், அடிபட வேண்டியவள் நான். ஆனால் எதற்காக அடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நீ வேறு மாதிரி ஆகியிருப்பாய். சொல்லாததால் உனக்குத் தழும்பு மட்டும் மிச்சம்.

நீ ஞாயிற்றுக்கிழமை சிரித்ததற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, திருமழிசையில் தேவகி வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். கிடைத்தது. தலை நரைத்துவிட்டது. முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, அவள் வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளி அவள் கையிலேயே வைத்தேன், என் மேல் போடு என்று. அவள் கையை உதறிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு எங்க கீது?" என்றாள்.

"தெரியாதும்மா."

"நான் அதும் மேல வாரி வுட்டனே. மூணு தபா வுட்டனே. அதுக்குக் கல்யாணம் ஆச்சா? கொழந்த குட்டி கீதா?"

"தெரியாது."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "அவரு செத்ததுக்கு ஒருத்தி மேல மண்ணு வாரிப் போட்டோம், அந்த மட்டுக்காவது ஆறிச்சுன்னு இருந்தேன். இப்ப வந்து அதையும் புடுங்கினு போற. உன் பாரம் எறங்கணும்னு என் தலைல ஏத்திட்டுப் போறியே, நீயெல்லாம் பொம்பளையா? எழுந்து போ." எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் உறைத்தது. இருபது வருஷம் கழித்துச் சொன்ன உண்மையால் ஒருத்திக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒன்றும் அறியாமல் இருந்தவளையும் பாவியாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஆவடிக்குப் போனேன். குவார்ட்டர்ஸில் பரிமளா இருந்த வீட்டில் இப்போது வடக்கத்திக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு வயதான அம்மாவுக்கு மட்டும் அவர்களை லேசாக ஞாபகம் இருந்தது. அந்த அப்பா ரிடையர் ஆகிச் சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று தெரியாதாம். "அந்தப் பொண்ணு ஏதோ வேலைல தப்பு பண்ணிச்சுன்னு பேசிகினாங்கோ. அப்புறம் ஊட்ட வுட்டு வெளியவே வரல" என்றாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி தெரியவும் போவதில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை, பார்த்திருப்பாய். இது யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எழுதிய கடிதம். ஒன்று உன் லேப்டாப் பையில் இருக்கிறது, இன்னொன்று என் கைப்பையில். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் உன் கிடங்கு வாசலில் நிற்பேன். நீ உள்ளே போய் மேனேஜரிடம், எல்லாருக்கும் முழு உரிமையைத் திறந்துவிட்டது நான், நகல் எடுக்காதது நான், அந்தப் பெண்ணுக்கு ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுக்காததும் நான் என்று சொல். சொல்லிவிட்டு அன்றைக்கே அந்த மஞ்சள் சீட்டுகளைக் கிழி. வேலை போனால் போகட்டும். கல்யாணம் தள்ளிப் போனால் போகட்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் ஒரு ஆபீஸில் யாரோ ஒருவனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்தான், மறந்துவிடாதே.

பத்து மணிவரை நீ வாயைத் திறக்கவில்லை என்றால், என் கையில் இருக்கிற பிரதியோடு நான் உள்ளே வருவேன். கீர்த்தனாவின் வேலை போகாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே அவளைக் காப்பாற்றுவதற்காக நீ கஷ்டப்பட வேண்டாம். மிச்சம் இருப்பது நீ மட்டும்தான். என் வாயால் உண்மை வெளியே வந்து, நீ மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் மணவறையில் உட்கார்ந்தால், நானும் முதல் வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பேன். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும் உன் தலையில் அட்சதை போடுவார்கள். நானும் எழுந்து வந்து கையை ஓங்குவேன். என் கையில் அரிசி இருக்காதுடா, மண் இருக்கும்.